பூட்டிய கதவு திறந்தது எப்படி?

(1989–92 இயற்பியல் அணியைச் சேர்ந்த ஒரு பழைய மாணவன்)

மலர்க் குழுவினர் இந்த முறை கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல விடுதி நினைவுகளை எழுதிக் கொடுத்துவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மெஸ் சாம்பார், அமராவதி ஆற்றுக் குளியல், இரண்டாம் ஆட்டம் சினிமா என்று எழுதினால் யாருக்கும் மனவருத்தம் வராது. ஆனால் நம் சங்கத்தின் பெயரேட்டில் ஒரு பெரிய தவறு நடந்துவிட்டது. அதற்குக் காரணம் அடியேன்தான். பொதுக்குழுவில் இரண்டு நிமிடத்தில் அதைச் சொல்லி முடித்தேன். அன்று பலருக்கும் விஷயம் புரியவில்லை. புரியும்படி சொல்லும் தைரியம் எனக்கும் இல்லை. ஆகவே இம்மலரில் விவரமாக எழுதுகிறேன். இதை மன்னிப்புக் கடிதமாகவும் கொள்ளலாம், ஒரு சிறு வரலாறாகவும் கொள்ளலாம்.

நடந்தது இதுதான்

பட்டப்படிப்பு முடித்த நாளிலிருந்து தாராபுரத்தில் கணினிக் கடை வைத்துப் பிழைத்து வருகிறவன் என்பதால், சங்கத்தின் பெயரேட்டைக் கணினியில் ஏற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நம் நண்பர்கள் இரண்டு ஆண்டு அலைந்து, வீடு வீடாகப் போய்ச் சேர்த்த பெயர்கள் அவை. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் முகவரி, தொலைபேசி எண், பிறந்த நாள், ரத்தப் பிரிவு எல்லாம் அதில் உண்டு. காலமாகிவிட்ட நண்பர்களின் வீட்டார் எண்களும் உண்டு.

மாத வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்தேன். அதில் லினக்ஸ். அதன்மேல் டாக்கர் என்ற ஏற்பாட்டில் இரண்டு கண்டெய்னர்கள்: ஒன்றில் நம் வலைப்பக்கம், இன்னொன்றில் போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளம். ஒரு கணினிக்கு 1 முதல் 65,535 வரை எண்ணிட்ட வாசல்கள் உண்டு. அவற்றுக்குப் போர்ட் என்று பெயர். பயர்வாலில் மூன்று போர்ட்டுகளை மட்டும் திறந்து வைத்தேன்: 22, 80, 443. மற்ற எல்லாவற்றையும் மூடினேன். தரவுத்தளத்தின் வாசல் 5432. அது திறந்த பட்டியலில் இல்லை.

கடையிலிருந்து அவ்வப்போது பெயர்களைத் திருத்த வசதியாக இருக்கட்டும் என்று, தரவுத்தளக் கண்டெய்னரைத் தொடங்கும்போது 5432-ஐ வெளியிடும்படி ஒரு வரி சேர்த்தேன். கடையில் உட்கார்ந்து இணைத்துப் பார்த்தேன். உடனே இணைந்தது. மூடி வைத்த வாசல் வழியாக எப்படி உள்ளே போனோம் என்று அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வேலை நடக்கிறதே என்ற சந்தோஷத்தில் டீ குடிக்கப் போய்விட்டேன்.

18 நாள் கழித்து, பெங்களூரில் வேலை பார்க்கும் நம் இளைய மாணவர் ஒருவர் இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டார்.

“அண்ணா, நம்ம டேட்டாபேஸ் போர்ட் வெளிய தெரியுதுங்ணா.”

“இருக்காது தம்பி. பயர்வால் போட்டிருக்கேன். மூணு போர்ட் தவிர எதுவும் திறக்கல.”

“நீங்க போட்டிருக்கறது சரிதாங்ணா. ஆனா எனக்குப் பாஸ்வேர்டு கேக்குதுங்களே.”

சர்வருக்குள் போய்ப் பயர்வாலின் நிலையைக் கேட்டேன். மூன்று போர்ட் திறந்திருக்கிறது, மற்றவை மறுக்கப்படும் என்றே பதில் வந்தது. கைபேசி இணைப்பிலிருந்து 5432-ஐத் தட்டினேன். கதவு திறந்து பாஸ்வேர்டு கேட்டது. பயர்வாலும் பொய் சொல்லவில்லை, தம்பியும் பொய் சொல்லவில்லை.

தரவுத்தளத்தின் குறிப்பேட்டைப் புரட்டினேன். எங்கெங்கோ உள்ள முகவரிகளிலிருந்து பாஸ்வேர்டை ஊகித்துத் தோற்றவர்களின் வரிசை பக்கம் பக்கமாக இருந்தது. போஸ்ட்கிரஸ் நாம் தனியாகச் சொல்லாதவரை தோற்ற முயற்சிகளை மட்டுமே எழுதும்; வெற்றி பெற்ற இணைப்புகளை எழுதாது. நானும் சொல்லி வைக்கவில்லை. பாஸ்வேர்டாக நான் வைத்திருந்தது நம் கல்லூரியின் பெயரும் ஓர் ஆண்டும். ஆக, யாராவது உள்ளே போனார்களா என்பது இன்றுவரை தெரியாது. போகவில்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

ஒரு தொலைபேசி அழைப்பு

உறுப்பினர்களுக்குத் தெரிவிக்க எனக்கு 9 நாள் ஆயிற்று. வெட்கம்தான் காரணம், வேறொன்றுமில்லை. இணையத் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டிருக்கிறது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பாதிக்கப்பட்டவருக்கு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. இவற்றை ஊருக்கெல்லாம் எடுத்துச் சொல்பவன் நான். எனக்கென்று வந்தபோது 9 நாள்.

முதலில் கூப்பிட்டது வேதியியல் பிரிவில் படித்த நம் தோழி ஒருவரை. தன் எண் யாருக்கும் போகக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவர் பெயரேட்டில் சேர்ந்தார். காரணம் நமக்கு வேண்டாம். நடந்ததைச் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்:

“நீங்கதான் பூட்டுனேன்னு சொல்றீங்க. திறந்து கெடந்துதுன்னும் நீங்களே சொல்றீங்க. பூட்டுன கதவு எப்படீங்க தானா திறக்கும்?”

கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். “அது டெக்னிக்கலுங்க” என்று மழுப்பிவிட்டேன். அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில்தான் இனி வருவது. அதற்குச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

சுவர் வந்த கதை

நம் ஊருக்குக் கோட்டை புதிதல்ல. மைசூர்ப் போர்களில் தாராபுரம் கோட்டையை 1783-இல் கர்னல் புல்லார்ட்டன் பிடித்தார். 1784 மங்களூர் உடன்படிக்கைப்படி அது திப்புவின் கைக்குத் திரும்பப் போனது. 1790-இல் ஜெனரல் மெடோஸ் மறுபடி பிடித்தார். 1792-இல் அதன் அரண்களை இடித்தே விட்டார்கள். பயர்வாலையும் இப்படி ஒரு கோட்டைச் சுவராகவே எல்லோரும் கற்பனை செய்கிறோம். ஆனால் அந்தப் பெயர் கோட்டையிலிருந்து வந்ததல்ல. ஜின்னிங் பேக்டரிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: ஒரு பஞ்சு குடோனில் பிடித்த தீ அடுத்த குடோனுக்குத் தாவாமலிருக்க நடுவில் சன்னல் இல்லாத ஒரு சுவர் எழுப்புவார்கள். அதுதான் பயர்வால்.

கணினி உலகில் தீ பிடித்தது 1988 நவம்பர் 2 அன்று. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் விட்ட ஒரு ‘புழு’ நிரல் கணினியிலிருந்து கணினிக்குத் தானே தாவிப் பரவியது. இணையத்தில் அன்றைக்கு மொத்தம் சுமார் 60,000 கணினிகள். அவற்றில் 6,000 முடங்கின என்று அப்போது மதிப்பிட்டார்கள். அதுவரை இணையம் என்பது ஒருவரையொருவர் தெரிந்த பேராசிரியர்களின் தெரு. கதவைப் பூட்டும் வழக்கமே பெரிதாக இல்லை. அந்த மாதமே அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முதல் ‘செர்ட்’ குழு தொடங்கப்பட்டது. நாம் கல்லூரியில் காலடி வைப்பதற்கு முந்தைய ஆண்டு அது.

வருகிற தகவலைச் சிறுசிறு பொட்டலங்களாக அனுப்புவதுதான் இணையத்தின் முறை. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்புநர், பெறுநர் முகவரிகளும் போர்ட் எண்களும் இருக்கும். மேலே எழுதியிருப்பதைப் படித்து ‘இது போகலாம், இது கூடாது’ என்று பிரிப்பதுதான் முதல் தலைமுறைப் பயர்வாலின் வேலை. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த செஸ்விக்கும் பெல்லோவினும் இதைப் பற்றி எழுதிய புத்தகம் 1994-இல் வந்தது. அதே ஆண்டு இஸ்ரேலின் செக் பாயிண்ட் நிறுவனம் ஒரு படி மேலே போய், ‘உள்ளேயிருந்து போனவனுக்கு வரும் பதிலா, அல்லது புதிதாக வருகிறவனா’ என்று நினைவில் வைத்துப் பார்க்கும் பயர்வாலை விற்றது. விடுதியில் ‘வெளியே போய் வருகிறேன்’ என்று கையெழுத்துப் போட்டவனை மட்டும் இரவு உள்ளே விடுவது போல.

ஒரே முகவரி, பல அறைகள்

அதே 1994-இல் இன்னொரு காரியமும் நடந்தது. இணைய முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடிதான். அவை தீர்ந்துவிடும் என்ற பயத்தில் எகேவாங், பிரான்சிஸ் என்ற இருவர் ஒரு யோசனை எழுதினார்கள். ஒரு கட்டடத்துக்கு வெளியில் ஒரே முகவரி. உள்ளே எத்தனை கணினிகள் வேண்டுமானாலும் இருக்கட்டும், அவற்றுக்குத் தனி உள்ளெண்கள். போகும்போதும் வரும்போதும் நடுவில் இருப்பவர் முகவரியை மாற்றி எழுதிவிடுவார். இதற்கு ‘நாட்’ என்று பெயர். உள்ளெண்களாக எவற்றைப் பயன்படுத்தலாம் என்பது 1996 பிப்ரவரியில் முடிவாயிற்று. இன்று உங்கள் வீட்டு வை-பையில் 192.168 என்று தொடங்கும் எண் அப்படி ஒதுக்கியதுதான். அவசரத்துக்குச் செய்த இந்த முகவரி மாற்றம் நம் கதையின் முடிச்சில் மறுபடியும் வரும். நினைவில் வையுங்கள்.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இணையம் கொடுத்தது 1995 ஆகஸ்ட் 15-இல். நம் பக்கத்துக்கு அது வந்துசேர மேலும் சில ஆண்டுகள் ஆயின. 2001-இல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு, இருந்த ஒரே டெலிபோன் லைனை எட்டுக் கணினிகளுக்குப் பகிர்ந்து கொடுத்தேன். பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் ஏற்றி, இந்த நாட் முறையைத்தான் போட்டேன். முதலாளி வந்து பார்த்துவிட்டு, “ஒரு லைனுக்குத்தான பில்லு வரும்?” என்று கேட்டுக்கொண்டார்.

லினக்ஸின் வாட்ச்மேன்கள்

லினக்ஸில் இந்தக் காவல் வேலை கெர்னல் என்னும் அதன் இதயத்திலேயே இருக்கிறது. 1999-இல் ஐபிசெயின்ஸ், 2001-இல் ஐபிடேபிள்ஸ் என்று கருவிகள் வந்தன. இரண்டையும் முன்னின்று செய்தவர் ரஸ்டி ரஸ்ஸல் என்ற ஆஸ்திரேலியர். 2014-இல் என்.எஃப்.டேபிள்ஸ் வந்து மெல்ல மெல்ல அந்த இடத்தைப் பிடித்து வருகிறது. ஆனால் 2001-இல் வகுத்த அடிப்படை அப்படியேதான் இருக்கிறது. அது இதுதான்.

பொட்டலம் வாசலுக்கு வந்ததும் ‘பிரிரௌட்டிங்’ என்ற இடத்தை முதலில் கடக்கும். தேவையானால் பெறுநர் முகவரி அங்கேயே மாற்றி எழுதப்படும். அதற்குப் பிறகுதான் கெர்னல் ஒரு கேள்வி கேட்கும்: இது எனக்கா, என் வழியாக வேறு ஒருவருக்கா? எனக்கு என்றால் ‘இன்புட்’ என்ற வழி. வேறு ஒருவருக்கு என்றால் ‘பார்வர்ட்’ என்ற வழி. ஒரு பொட்டலம் இந்த இரண்டில் ஒன்றில்தான் போகும். இன்புட் வழியில் எழுதிய விதி பார்வர்ட் வழியில் போகிற பொட்டலத்தைத் தொடவே தொடாது. நகரப் பேருந்து நிலையத்தில் நின்று சோதனை போடுகிறவர், புறவழிச்சாலையில் போகும் லாரியைப் பார்க்க முடியாதல்லவா?

ஐபிடேபிள்ஸ் விதிகளை எழுதுவது பெரிய தலைவலி. ஆகவே 2008-இல் உபுண்டு லினக்ஸோடு யு.எஃப்.டபிள்யூ. என்ற எளிய கருவி வந்தது. பெயருக்கே ‘சிக்கலில்லாத பயர்வால்’ என்றுதான் பொருள். நான் போட்டிருந்ததும் அதுவே. ‘இந்தப் போர்ட்டை விடு, அதை மறு’ என்று நாம் எளிமையாகச் சொன்னால், அது பெரும்பாலும் இன்புட் வழியில் விதியாக எழுதிக்கொள்ளும். சர்வரில் எல்லாச் சேவையும் நேரடியாக ஓடிய காலத்தில் அது போதுமானதாகவே இருந்தது.

பெட்டி வந்த கதை

கண்டெய்னர் என்றால் நம் பகுதியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. திருப்பூரில் பனியனை அடைத்துச் சீல் வைத்துத் தூத்துக்குடி துறைமுகத்துக்கு லாரியில் ஏற்றி அனுப்பும் இரும்புப் பெட்டி. அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்ற லாரிக் கம்பெனிக்காரர் 1956 ஏப்ரலில் 58 பெட்டிகளோடு முதல் கப்பலை அனுப்பினார். உள்ளே என்ன சரக்கு என்று கிரேன்காரருக்குத் தெரிய வேண்டியதில்லை. பெட்டியின் அளவு ஒன்றாக இருந்தால் போதும். இதுதான் அவருடைய யோசனையின் சிறப்பு.

கணினிக்காரர்கள் இந்த யோசனையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒரு நிரலையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் ஒரு பெட்டியில் அடைத்துவிட்டால் எந்தச் சர்வரிலும் இறக்கி ஓட்டலாம். இதன் வேர் 1979 யூனிக்ஸில் இருக்கிறது. 2000-இல் பிரீ-பி.எஸ்.டி. ‘ஜெயில்’ என்று ஒன்றைச் செய்தது. 2008-இல் லினக்ஸ் கெர்னலில் இதற்கான உறுப்புகள் சேர்ந்தன. 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் என்பவர் அமெரிக்காவில் ஒரு மாநாட்டில் சில நிமிடம் காட்டிய டாக்கர்தான் இதை எல்லோர் கைக்கும் கொண்டுவந்தது. அதன் சின்னமே முதுகில் பெட்டிகளைச் சுமக்கும் திமிங்கலம். அன்று வரை ஒரு மென்பொருளை நிறுவ இரண்டு நாள் மல்லுக்கட்டிய என் போன்றவர்களுக்கு, ஒரு வரியில் வேலை முடிந்தது பெரிய வரப்பிரசாதம்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் டாக்கர் ஒரு தனி உள்ளெண் கொடுக்கிறது. பெரும்பாலும் 172.17 என்று தொடங்கும். அதாவது கெர்னலின் கணக்கில் பெட்டி என்பது ‘நான்’ அல்ல, ‘வேறு ஒருவர்’. ஒரு போர்ட்டை வெளியிடச் சொன்னால், டாக்கர் பிரிரௌட்டிங்கில் ஒரு விதி எழுதுகிறது: ‘5432-க்கு வருவதையெல்லாம் இந்த உள்ளெண்ணுக்கு மாற்றி எழுது.’ பார்வர்ட் வழியில் இன்னொரு விதி எழுதுகிறது: ‘அதை உள்ளே விடு.’ இரண்டையும் நம்மைக் கேட்காமலே எழுதிவிடும். எந்த முகவரி என்று நாம் குறிப்பிடாவிட்டால், உலகம் முழுவதிலிருந்தும் வரலாம் என்றே எடுத்துக்கொள்ளும்.

மெஸ் கதவு

விடுதியில் இருந்தவர்களுக்கு இப்போது ஒரு வரியில் விளங்கிவிடும்.

அலுவலக வராந்தாவில் வாட்ச்மேன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கையில் நோட்டு. வார்டன் பட்டியலில் இல்லாதவர் யாரையும் அவர் உள்ளே விட்டதில்லை. அவ்வளவு கண்டிப்பு. ஆனால் மெஸ் காண்டிராக்டருக்கு அரிசியும் விறகும் வர வேண்டுமே! அதற்காக அவருக்குச் சாவி கொடுத்து, தானே பக்கவாட்டுக் கதவு போட்டுக்கொள்ளவும் அனுமதி கொடுத்திருந்தார்கள். தெருமுனையில் ‘மெஸ்ஸுக்கு இப்படி’ என்று அம்புக்குறி போட்ட பலகை. அந்த அம்புக்குறியைப் பார்த்து வருகிறவர் வராந்தாப் பக்கமே வரமாட்டார். கதவில் நிற்கும் சமையல்காரப் பையனும் ‘வாங்க வாங்க’ என்பான். இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு நாம் எந்த வழியாக உள்ளே வந்தோம் என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை. மறுநாள் காலை வார்டன் வாட்ச்மேனின் நோட்டைப் பார்ப்பார். ‘இரவு யாரும் வரவில்லை’ என்றிருக்கும். அதில் பொய்யே இல்லை.

வாட்ச்மேன்தான் யு.எஃப்.டபிள்யூ. தெருமுனைப் பலகைதான் பிரிரௌட்டிங்கில் எழுதிய முகவரி மாற்றம். பக்கவாட்டு வழிதான் பார்வர்ட். காண்டிராக்டர் டாக்கர். அவருக்குச் சாவி கொடுத்த வார்டன் அடியேன். பூட்டிய கதவு திறக்கவில்லை, தோழி அவர்களே. பூட்டிய கதவு பூட்டியேதான் இருந்தது. நான் ஒரு வரி எழுதியபோது பக்கத்தில் இன்னொரு கதவு உண்டாயிற்று. அதைக் கதவு என்று நான் நினைக்கவில்லை.

டாக்கர்காரர்கள் இதை மறைத்து வைக்கவில்லை. தங்களுடைய கையேட்டிலேயே யு.எஃப்.டபிள்யூ.வோடு இது ஒத்துப்போகாது என்று எழுதியிருக்கிறார்கள். நான்தான் படிக்கவில்லை. 2017-இல் வந்த 17.06 பதிப்பிலிருந்து, பக்கவாட்டு வழியில் நம் ஆளுக்கென்று ஒரு நாற்காலியும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ‘டாக்கர்-யூசர்’ என்று பெயர். அதில் நாம் எழுதும் விதியைத்தான் முதலில் கேட்பார்கள். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: பொட்டலம் அங்கு வருமுன் முகவரி மாறிவிட்டிருக்கும். வெளியில் 8080 என்று வந்தது அங்கே 80 என்று தெரியும். பழைய எண்ணை வைத்து விதி எழுதினால் அதில் ஒன்றும் சிக்காது.

2025 பிப்ரவரியில் வந்த 28-ஆம் பதிப்பில் மேலும் சில சந்துகளை அடைத்தார்கள். அதுவரை, வெளியிடாத போர்ட்டைக்கூட அதே உள்ளூர் வலையில் இருக்கும் இன்னொரு கணினி சில சமயம் எட்ட முடிந்தது. ஆனால் நாமே வெளியிட்ட போர்ட் வாட்ச்மேனைத் தாண்டிப் போவது அதற்குப் பிறகும் மாறவில்லை.

நாம் மட்டுமா?

ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, எச்சரிக்கைக்காகச் சொல்கிறேன். 2017 ஜனவரியில் மாங்கோ-டிபி என்ற தரவுத்தளங்கள் பல்லாயிரக்கணக்கில் உலகெங்கும் திறந்து கிடந்து, உள்ளே புகுந்தவர்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பணம் கேட்டு ஓலை வைத்துப் போனார்கள். 2020 ஜூலையில் யாரோ ஒருவர் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான தரவுத்தளங்களை அழித்து ‘மியாவ்’ என்று எழுதிவிட்டுப் போனார். பணம்கூடக் கேட்கவில்லை. திறந்து கிடந்ததற்குக் காரணம் ஒவ்வொன்றிலும் டாக்கர் அல்ல. வாசல் உலகத்தைப் பார்த்து இருக்கிறது என்பதை உரியவர் அறியாததுதான் பொதுக் காரணம்.

நம் தமிழ்நாட்டில் 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் ஒரு கணினியில் தீய நிரல் புகுந்ததை இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. அது இணையத்தோடு இணைந்த நிர்வாக வலையில் இருந்த கணினி என்றும், உலையை இயக்கும் வலை அதிலிருந்து முற்றிலும் பிரிக்கப்பட்டது என்றும் அறிவித்தது. விதி எழுதி மூடிய கதவைவிட, வழியே இல்லாத சுவர் மேல் என்பதற்கு அது பெரிய சான்று.

நான் செய்தவை

அந்த இரவே தரவுத்தளக் கண்டெய்னரை நிறுத்தி, வெளியிடும் வரியை அழித்தேன். உண்மையில் அந்த வரி தேவையே இல்லை. வலைப்பக்கப் பெட்டியும் தரவுத்தளப் பெட்டியும் ஒரே உள்வலையில் இருந்தால், பெயர் சொல்லியே ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளும். சர்வருக்குள் மட்டும் வேண்டுமென்றால் 127.0.0.1 என்ற முகவரியை முன்னால் சேர்த்து வெளியிடலாம். அப்போது அம்புக்குறிப் பலகை தெருமுனையில் இல்லாமல் காம்பவுண்டுக்கு உள்ளேயே நிற்கும். கடையிலிருந்து வேலை செய்ய வேண்டுமென்றால் 22 வழியாகச் சங்கேதச் சுரங்கம் போட்டுப் போகலாம். இப்போது அப்படித்தான் போகிறேன்.

டாக்கர் விதியே எழுதாதபடி தடுத்துவிடலாமே என்று சிலர் கேட்டார்கள். அதற்கும் ஒரு திருகு உண்டு. ஆனால் அதைத் திருகினால் பெட்டிகளுக்கு வெளியே போகும் வழியும் அடைபட்டு, சாப்பாடில்லாத மெஸ் ஆகிவிடும். எல்லா விதிகளையும் நாமே கையால் எழுதத் தெரிந்தால்தான் அது சரிப்படும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. சர்வருக்குள் உட்கார்ந்து ‘பூட்டியிருக்கிறதா’ என்று அதையே கேட்பதை நிறுத்திவிட்டேன். மாதம் ஒருமுறை வேறு இணைப்பிலிருந்து ஒவ்வொரு வாசலாகத் தள்ளிப் பார்க்கிறேன். நம் பெங்களூர்த் தம்பியும் தன் பங்குக்குப் பார்க்கிறார். கதவைத் தட்டிப் பார்த்துச் சொன்னாரே, அவருக்கு நம் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.

பெயரேட்டிலும் மாற்றம் செய்திருக்கிறோம். ரத்தப் பிரிவையும் பிறந்த நாளையும் நீக்கிவிட்டோம். எதற்கென்றே தெரியாமல் கேட்டு வைத்திருந்தோம். ‘யாருக்கும் கொடுக்க வேண்டாம்’ என்று சொன்னவர்களின் எண்கள் இனி கணினியில் ஏறா. செயலாளர் வீட்டுப் பீரோவில் ஒரு நீல அட்டை நோட்டில் இருக்கும்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தத் தோழியிடம் அனுமதி கேட்டு, தொலைபேசியிலேயே முழுதும் படித்துக் காட்டினேன். மெஸ் கதவு வந்த இடத்தில் சிரித்துவிட்டார்.

“அந்தக் கதவு எங்களுக்கெல்லாம் அப்பவே தெரியுமுங்க. ஊருக்கே தெரியும். வார்டனுக்கு மட்டுந்தான் தெரியாது.”

வார்டனாகிய நான் ஒன்றும் பேசவில்லை.

“செரி, என் நம்பரத் திரும்ப எழுதிக்குங்க,” என்றார். “நோட்டுல.”

எழுதிக்கொண்டேன். மற்ற நண்பர்களும் என்னை மன்னிப்பீர்களாக. வாழ்க நம் கல்லூரி!